ஒரு பக்கெட் பொதுநீர்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற ஒரு மோட்டார் வேண்டும். மந்தைவெளி ஜலசமுத்ரா அபார்ட்மெண்ட்ஸாக இருந்தால் மோட்டாரோடு ஒரு தலைவரும் வேண்டும்.

எங்கள் தலைவர் ஸ்ரீரங்கன் மாமா. ஏதோ அரசுத் துறையில் ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று யாருக்கும் தெரியாது. வெறுமனே "துறை" என்பார், மற்றவர்கள் சாமியைச் சொல்கிற மாதிரி. அவருடைய குரல் பாதி மூக்கிலிருந்தும் பாதி பழைய ஃபைலிலிருந்தும் வரும். வாட்ச்மேன் அய்யாதுரையிடம் "கேட்டைத் திற" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கேட் திறக்கப்படலாம்" என்பார். எனக்கு அந்தக் குரல் என்றால் அல்வா.

எனக்கு எல்லார் குரலும் வரும். இரண்டாவது மாடி கரீமுல்லா பாய் தன் பாண்டி பஜார் துணிக்கடையில் விலை குறைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே குறைக்கிற குரல் வரும். தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூட வரும். போன கோடையில் மாடிப்படியில் நின்று அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை போட்டேன். பன்னிரண்டு வீடும் குடத்தோடு கீழே ஓடி வந்தது. அதிலிருந்து ஜலசமுத்ராவில் என் பெயர் சுஹாஸ் இல்லை, "அந்தப் பையன்".

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை காலையில் போர்வெல் மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை.

"மோட்டாரு நல்லாத்தான் ஓடிக்கினு கீது சார்," என்றான் அய்யாதுரை. "உள்ள காத்து பூந்துகிச்சு. ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனா புடிச்சுக்கும்."

இதை அய்யாதுரையின் மேதைமை என்று யாரும் எழுதிவிடக்கூடாது. காற்றுப் புகுந்த மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மெட்ராஸில் சொந்தமாகப் பல் தேய்க்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் துறையில் தெரிவது வேறு, தெரிவிக்கப்படுவது வேறு.

கரீமுல்லா பாய் மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மகள் ஃபிர்தௌஸ் அக்கா.

"ஸ்ரீரங்கன் சார், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃபிர்தௌஸுக்கு நிச்சயம். மொட்டை மாடில பந்தல் சொல்லியாச்சு. நூறு பேர் வர்றாங்க. தண்ணி இல்லைன்னா அடுப்பே பத்த வைக்க மாட்டேன்றாரு பிரியாணி மாஸ்டர். எங்க வீட்டுல கேன் தண்ணி இருக்கு, அதை ஊத்திடட்டுமா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

"பாய், தங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனா உங்காத்து கேன் தண்ணி தனிநீர். மோட்டாரோ பொதுச்சொத்து. தனிநீரை ஊத்தி, அது பொதுநீரை இழுத்துண்டு வந்தா, வர்ற தண்ணி யாரோடது?"

"எல்லாரோடதும்தான் சார்."

"இன்னிக்கு சொல்றேள். நாளைக்கு உங்க வாரிசு பாத்தியதை கேட்டா?"

"வாரிசு நான்தான் மாமா," என்றாள் ஃபிர்தௌஸ் அக்கா. "நான் கேக்க மாட்டேன். குளிக்கணும், அவ்வளவுதான்."

"அது வாய்மொழிம்மா. வாய்மொழி செல்லாது. மோட்டாருக்குப் பொதுநீர்தான் ஊத்தலாம்."

பொதுநீர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. படிக்கட்டுக்கு அடியில் நீல டிரம். சங்கிலி, பூட்டு. சாவி மாமாவின் பூணூலில். உள்ளே சரியாக ஒரு பக்கெட் தண்ணீர்.

"அதுல இருக்கே மாமா!" என்றேன்.

"அது அவசரத்துக்கு வெச்சிருக்கு."

"இது அவசரம் இல்லியா?"

"அவசரத்துல செலவு பண்ணிட்டா, அப்பறம் அவசரத்துக்கு என்னடா பண்றது?"

கேட்டுவிட்டு மாமா பூணூல் சாவியை ஒருதடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிர்வாகம் என்பது அதுதான்.

அன்று மாலையே மோட்டார் தேர்வு, பராமரிப்பு மற்றும் மாற்றுதல் உபகுழு அமைக்கப்பட்டது. தலைவர் ஸ்ரீரங்கன் மாமா. நிபுணர் மூன்றாவது மாடி அச்யுத் அண்ணா. அண்ணாவுக்கு ஐடி கம்பெனியில் வேலை. மோட்டாரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் மோட்டார் பற்றிய ரீல்ஸ் அத்தனையும் பார்த்தவர். தூங்கினால்கூட அவர் வாட்ச் எப்படித் தூங்கினார் என்று சொன்ன பிறகுதான் தூங்கியதாக ஒப்புக்கொள்வார்.

"இப்பல்லாம் யார் மாமா சுவிட்ச் போடறா?" என்றார். "ஸ்மார்ட் மோட்டார் வந்தாச்சு. பேசினாப் போதும், ஓடும். நம்ம குரலைக் கேட்டுக் கேட்டு அதுவே கத்துக்கும்."

"யார் குரலை?"

"ரிஜிஸ்டர் பண்ற ஒருத்தர் குரலை மட்டும்."

"ஒருத்தர் மட்டும்," என்று மாமா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மற்ற கம்பெனி மோட்டார்களின் குதிரைசக்தி, ஆழம், உத்தரவாதம் எதுவும் அதற்குமேல் விவாதிக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை உபகுழு அண்ணா சாலைக் கடைக்கு நேரடி ஆய்வுக்குக் கிளம்பியது. ஆட்டோவில் போனால் கடைக்காரர் மதிக்கமாட்டார் என்பதால் மாமாவின் காரில். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காருக்குள்ளும் ஒரு தண்ணீர் பம்பு உண்டு, என்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்க. மாமா காரில் அது போன தீபாவளிக்கே ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் மாற்றச் சொன்னார். "பரிசீலனையில் உள்ளது" என்றார் மாமா. அதிலிருந்து காரும் பரிசீலனையிலேயே நின்றது.

இப்போது அது கிளம்ப வேண்டுமானால் வழியெல்லாம் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். போவது அலுவல் பயணம். அலுவல் பயணத்துக்குப் பொதுநீர் செல்லும். நீல டிரம் திறக்கப்பட்டது.

கரீமுல்லா பாய் வாசலில் நின்று அந்த பக்கெட் டிக்கியில் ஏறுவதைப் பார்த்தார்.

"சார், அந்த ஒரு பக்கெட்டை மோட்டார்ல ஊத்தினா புது மோட்டாரே வேணாமே!"

"மோட்டார் வேணாம்னா உபகுழு எதுக்கு பாய்?" என்றார் மாமா, வருத்தத்தோடு.

கார் புகைந்துகொண்டே போனது. ஆழ்வார்பேட்டை பாலத்தில் ஒரு சொம்பு, தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு சொம்பு என்று அச்யுத் அண்ணா இறங்கி இறங்கி அபிஷேகம் செய்தாராம். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஏதோ தீர்த்தவாரி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். திரும்பி வந்ததும், வீட்டு வாசலில் கடைசிச் சொம்பும் ரேடியேட்டருக்குள் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் புது மோட்டார் பொருத்தப்பட்டது. பன்னிரண்டு வீடும் சுற்றி நின்றது. மாமா வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு குரலைப் பதிவு செய்தார்.

"மோட்டார் இயக்கப்படலாம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "குரல் ஏற்கப்பட்டது. வணக்கம், ஸ்ரீரங்கன் அவர்களே."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிடையரான பிறகு யாரும் அவரை "அவர்களே" என்று கூப்பிட்டதில்லை.

மோட்டார் தொடர்ந்தது. "என்னுள் நீர் இல்லை. அருள்கூர்ந்து ஒரு வாளி நீர் ஊற்றவும்."

பன்னிரண்டு வீடும் அய்யாதுரையைத் திரும்பிப் பார்த்தது.

"அத்தத்தானே சார் நானும் சொன்னேன்," என்றான் அய்யாதுரை.

"நீ சொன்னது கொச்சையா இருந்தது."

"சரி, இப்பதான் இலக்கணமாவே கேட்டுடுச்சே சார், ஊத்தலாமா?" என்றார் பாய்.

மாமா நீல டிரம்மைப் பார்த்தார். காலி. "பொதுநீர் கையிருப்பில் இல்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் வைக்கப்படும்."

"மாமா, நாளைக்கு மத்தியானம் என் நிச்சயம்!" என்றாள் ஃபிர்தௌஸ் அக்கா.

"கவலைப்படாதேம்மா. திங்கட்கிழமை உன்னோடதுதான் முதல் அஜெண்டா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா கேசவப் பெருமாள் கோயிலுக்கு நடந்து போனார். மொட்டை மாடியில் பிரியாணி மாஸ்டர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாய் மாப்பிள்ளை வீட்டுக்கு போன் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எங்கள் கதவு டமால் என்றது. ஃபிர்தௌஸ் அக்கா காலால் உதைத்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி.

"டேய், இந்தக் கையை கழுவக்கூட தண்ணி இல்ல. அவங்க வீட்டுல வேற நாள் பாக்கலாமான்னு கேக்கறாங்க. வாப்பா அழுவுறாரு. ஊரையெல்லாம் ஏமாத்தற வாய் ஆச்சே, எனக்கு ஒண்ணு பண்ணுடா."

அவள் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். எனக்கு முதல் தடவையாகக் கிண்டல் வரவில்லை.

மாமாவை மாமாவைப் போலத்தான் ஜெயிக்க வேண்டும். மூக்கை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு யோசித்தேன். பொதுநீர் வேண்டும். பொதுநீர் எங்கே போனது? அலுவல் பயணம் போனது. பயணம் முடிந்துவிட்டது. மிச்சம் எங்கே?

இண்டர்காமை எடுத்தேன்.

"அய்யாதுரை. தலைவர் பேசுகிறேன். உபகுழுப் பயணத்துக்கு வழங்கப்பட்ட பொதுநீர் எமது வண்டியின் ரேடியேட்டரில் தங்கியுள்ளது. பயணம் முடிவுற்றபடியால் அது திரும்பப் பெறப்பட்டு மோட்டாரில் ஊற்றப்படலாம்."

"சார்... நீங்க இப்பதானே கோயிலுக்குப் போனீங்க?"

இண்டர்காமை வைத்துவிடப் பார்த்தேன். ஆனால் அந்தக் குரலில் பேசும்போது பதிலும் அதுவாகவே வந்துவிடுகிறது.

"உடல் போயிருக்கிறது. பதவி இங்கேயே உள்ளது."

"அப்டிங்களா சார். சரிங்க சார்."

ரேடியேட்டரைத் திறந்ததும் பழைய டீ நிறத்தில் பாதி பக்கெட் தேறியது. அய்யாதுரை அதை மோட்டாரில் ஊற்றினான். நான் கீழே ஓடிப்போய் அதன் எதிரில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"மோட்டார் இயக்கப்படலாம்."

"குரல் ஏற்கப்பட்டது. வணக்கம், ஸ்ரீரங்கன் அவர்களே."

குழாய் இருமியது, சிவப்பாகத் துப்பியது. அதைச் சாக்கடையில் விட்டோம். பிறகு தெளிவாக, குளிர்ச்சியாக, சத்தம் போட்டுக்கொண்டு மேலே ஏறியது. மொட்டை மாடியில் அண்டா நிமிர்த்தப்படும் ஓசை கேட்டது. இதைவிட நல்ல நாதஸ்வரம் நான் கேட்டதில்லை.

மாமா துளசியோடு திரும்பியபோது டாங்க் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"யார் உத்தரவு?"

"நீங்கதான் சார் போன்ல சொன்னீங்க," என்றான் அய்யாதுரை. "உடம்பு கோயில்ல கீது, பதவி இங்க கீதுன்னு."

மாமா என்னைப் பார்த்தார். நான் டாங்கைப் பார்த்தேன். தான் சொல்லவில்லை என்றால் வேறு யாரோ சொல்லித் தண்ணீர் வந்தது என்று ஆகும். அது நிர்வாகச் சீர்குலைவு. அதற்குள் கரீமுல்லா பாய் ஓடி வந்து சால்வையைப் போர்த்திவிட்டார். ஃபிர்தௌஸ் அக்கா, "உங்க உத்தரவு வரலைன்னா என் நிச்சயமே நின்னுபோயிருக்கும் மாமா," என்றாள், என் காலை மிதித்துக்கொண்டே.

"கடமை," என்றார் மாமா. நூறு பேரோடு உட்கார்ந்து கத்திரிக்காய் சாதம் தனியாகச் செய்யச் சொல்லிச் சாப்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. அடுத்த வாரம் மாமா அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மோட்டார் அவர் குரலுக்குத்தான் ஓடும். ஆகவே பால் பாக்கெட் வருவதற்கு முன் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மோட்டாருக்கு முன்னால் நிறுத்த ஆரம்பித்தார்கள். "அந்தப் பையன்" என்றவர்கள் "தம்பி, எழுந்தாச்சா?" என்றார்கள். தினம் தினம் நான் பேசினேன். தினம் தினம் அது கற்றுக்கொண்டது.

மாமா திரும்பி வந்தார். மறுநாள் விடியற்காலையில் கம்பீரமாக மோட்டார் முன் நின்றார்.

"மோட்டார் இயக்கப்படலாம்."

"குரல் பொருந்தவில்லை. ஸ்ரீரங்கன் அவர்களை அழைக்கவும்."

மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை மோட்டார், "போலிக் குரல் கண்டறியப்பட்டது," என்றது. பதிவான குரலே அதிகாரபூர்வமானது என்பது மாமாவே போட்ட விதி. பொதுக்குழு கூடி, மோட்டார் யாரை ஸ்ரீரங்கன் என்கிறதோ அவரே ஸ்ரீரங்கன் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அதிலிருந்து மாமா தினமும் சாயங்காலம் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். "இன்னும் கொஞ்சம் மூக்குல மாமா," என்கிறேன். "நன்னா இருக்கா?" என்கிறார் பாவம். டிரம் சாவி இப்போது என் கழுத்தில், ஹெட்போனோடு.

நேற்றுக் காலை மோட்டாரில் மறுபடி காற்றுப் புகுந்துவிட்டது. நீல டிரம்மில் ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தது. பன்னிரண்டு வீடும் கீழே வந்து நின்றது. மாமா தலை முழுக்க சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கேன் தண்ணீர் பிடித்த மக்கோடு ஓடி வந்தார்.

"டேய் சுஹாஸ், கண்ணெல்லாம் எரியறதுடா! இந்தா, எங்காத்துத் தண்ணி. ஊத்தித் தொலை!"

மக்கை வாங்கிக்கொண்டேன். சத்தியமாக ஊற்றத்தான் போனேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

"மாமா, தங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் இது தனிநீர். இதை ஊற்றி வருகிற தண்ணீர் யாருடையது?"

யாரும் சிரிக்கவில்லை. அச்யுத் அண்ணா தலையாட்டினார். கரீமுல்லா பாயும் தாடியைத் தடவிக்கொண்டு, "அதானே, நாளைக்கு யாராவது கேட்டா?" என்றார். மாமாவின் நெற்றியிலிருந்து நுரை வழிந்து இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கியது. இறுக்கி மூடிக்கொண்டார்.

"சரியான கேள்வி," என்றார். "உபகுழு போடு."