துண்டு போட்ட கப்பல்

உலகத்தில் எத்தனையோ கப்பல் தலைவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் எதிரிக் கப்பலைச் சுடாமல், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியே ஜெயித்தவர் எங்கள் ரைட்டண்ணன் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கரியமாணிக்கம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். 'ரைட், ரைட்' என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது. அவர் மேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, அவருடைய பஸ் ஹாரன் கேட்டாலே சோறு இறங்காத பொறாமை.

நான் பாகூரில் கணக்கு டியூஷன் எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வராதபோது, அதே பெஞ்சுகளில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, 'வாளை உருவுறேன்', 'ஓடி ஒளியறேன்' என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை சொல்வது நான். என் மனைவி மலர் மந்திரக்காரி. கரையாம்புத்தூரில் கரும்பு போட்டிருக்கும் என் சிநேகிதன் சேகர் வாள்வீரன். அந்த அறையில் ராஜா நான்தான்.

கதை கடலுக்கு வந்ததும் கப்பல் சண்டைக்கென்று நானே விதிகள் எழுதினேன். கப்பலின் உடம்புக்கு இவ்வளவு உயிர், பாய்க்கு இவ்வளவு, சுக்கானுக்கு இவ்வளவு. பாய் கிழிந்தால் வேகம் பாதி. சுக்கான் உடைந்தால் திரும்ப முடியாது. அடியில் ஓட்டை விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் ஏறும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கைதட்டலாம் போலிருந்தது. கப்பலுக்குத் தலைவன் ஒருவர் வேண்டுமே என்று சேகர் ரைட்டண்ணனைக் கூட்டிவந்தான்.

முதல் நாள், எத்தனை பீரங்கி வேண்டும் என்று கேட்டேன்.

"பீரங்கி கெடக்கட்டும் சார். பின்னாடி படி இருக்குதா?"

"கப்பலுக்குப் படியா?"

"பின்ன? எல்லாரும் முன்னாடியே ஏறுனா எப்படி?"

படி கொடுத்தேன். அடுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் பெஞ்சு மேல் போட்டார். "கப்பல்ல எம்பக்கத்து சீட்டு இது. இதுல யாரும் குந்தக் கூடாது. ஆளு வருது" என்றார்.

யார் வருகிறார்கள் என்று கேட்டால் சிரிப்புதான். எனக்கு அன்றைக்கே சந்தேகம். வேறு எவனையோ கதை சொல்லக் கூட்டிவரப் போகிறார் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

என் வில்லன் ஒரு சூனியக்காரன். கறுப்புப் பாய் கட்டிய கப்பலில் வருவான். அந்தக் கப்பலை மூச்சு விடாமல் வர்ணித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ரைட்டண்ணன் ஒரே கேள்வி கேட்டார்.

"அத எத்தினி மணிக்கு எடுக்கறான்?"

"விடியற்காலையில்."

"அப்ப நாம அஞ்சு நிமிசம் முன்னாடி எடுக்கறோம். ரைட்!"

அவ்வளவுதான். வழியில் ஒரு தீவில் சூனியக்காரனின் கப்பலுக்காகக் காத்திருந்த அவன் வீரர்கள் அத்தனை பேரையும், "இது அங்கதான் போவுது, ஏறு ஏறு, உள்ள போ, நடுவுல நிக்காத" என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த சூனியக்காரனுக்குத் தீவில் ஒரு காக்கை கூட மிச்சமில்லை. இதைத் தடுக்க என் விதிகளில் ஒரு வரி கிடையாது. மலர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் ஏழு தலைக் கடல்பாம்பைப் பார்த்துக் கொட்டாவி விட்டவள் அவள்.

ஒரு வாரம் நான் எப்படியோ சண்டை மூட்டியதில், எதிரிக் கப்பல் ஒன்று இரண்டாக உடைந்தது. அடுத்த காட்சிக்குப் போகலாம் என்றேன்.

"இன்னா சார், தண்ணியில ஆளுங்க இருக்காங்களே!"

"அவங்க எதிரிங்க!"

"கப்பல் இருந்தவரிக்கும் எதிரி. இப்ப அவங்க பாசஞ்சர்."

எல்லாரையும் தூக்கிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கப்பலில் நான் எங்கே ஓட்டை போட்டாலும், அத்தனை கைகளும் சேர்ந்து தண்ணீரை இறைத்துவிடும், ஓட்டையை அடைத்துவிடும். என்னுடைய சேத விதிகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் நசுங்கிப் போயின.

கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேகர் போன் செய்தான். "இன்னிக்கு ரைட்டண்ணனுக்கு டூட்டியா ஆஃபாடா? டூட்டின்னா நான் கரும்புக்குத் தண்ணி கட்டப் போறேன்." அப்படியென்றால் நான்? கதையே நான்தானே? பக்கத்திலிருந்த மலர், "இன்னாங்க, காதுல பொகை வருது?" என்றாள்.

வந்தது, உண்மைதான். அன்று ரைட்டண்ணனுக்கு ஆஃப். அவர் வருவதற்குள் புது விதி ஒன்று எழுதிவிட்டேன். உட்கார இடமில்லாமல் ஒரே ஒரு ஆள் நின்றால் கூடக் கப்பல் சாயும். பகடை கைகொடுக்காவிட்டால் மூழ்கும். கப்பல் போனால் அவருக்கு வேலை முடிந்தது. என் அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

புயல் அனுப்பினேன். ஏழு தலைப் பாம்பையும் அனுப்பினேன். அந்தப் புயலில் சூனியக்காரனின் கப்பல் நொறுங்கி அவனே தண்ணீரில் தத்தளித்தான். ரைட்டண்ணன் துளி யோசிக்கவில்லை. "ஏறுய்யா. மந்திரம் தெரிஞ்சா இன்னா, படியில தொங்காத, உள்ள வா."

நான் புது விதியைப் படித்தேன். நிற்கிறவன் சூனியக்காரன் ஒருவன்தான். காலியாக இருந்ததோ துண்டு போட்ட அந்த ஒரு சீட்டு.

"துண்ட எடுண்ணா, அவன் குந்தட்டும்!" என்று கத்தினான் சேகர்.

"எடுக்க மாட்டேன். ஆளு வருது."

"யாருதாண்ணா அந்த ஆளு? கப்பலே முழுவப் போவுது!" என்றாள் மலர்.

ரைட்டண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. துண்டை நீவி விட்டுக்கொண்டே சொன்னார். "சாருக்குதான்மா. நாமெல்லாம் ஜாலியா கப்பல்ல போறோம். அவுரு மட்டும் ஒண்டியா கரையில குந்திக்கினு புயலும் பாம்புமா அனுப்பிக்கினு இருக்காரு. ஒரு நாளைக்கு அவுருக்கும் வரணும்னு தோணும்ல? அப்ப எடமில்லன்னா நல்லாவா இருக்கும்?"

நான் பகடையைக் கையில் எடுத்தேன். கதை சொல்கிறவன் முன்னால் ஒரு காலண்டர் அட்டை நிற்கும், அதன் பின்னால் அவன் உருட்டும் பகடை மற்றவர்கள் கண்ணில் படாது. அங்கே உருட்டினேன். எட்டிப் பார்த்தேன்.

"கப்பல் முழுவல" என்றேன்.

"ரைட்!" என்றார் அவர்.

பகடையில் என்ன விழுந்தது என்று மலர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வதாக இல்லை.

இப்போது அவருக்கு வேறு ரூட், ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. துண்டை அந்தப் பெஞ்சு மேலேயே விட்டுப் போனார். கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் முன்பு போலச் சிரிப்பதில்லை. அதனால் பொறாமையும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒருவர் விளையாட வந்தார். வில்லியனூர்க்காரர், பேங்க்கில் வேலை. வந்தவுடன் துண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரப் போனார்.

"சார், சார், அதுல குந்தாதீங்க" என்று நான் எழுந்தே விட்டேன். "ஆளு வருது."