சுண்ணாம்புத் தண்ணீரில் வெளுத்த கவலை

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆம்பூரில் கூட்டம் பிரியாணிக் கடையில்தான். அந்த ஞாயிறு பிரியாணியே தோற்றது. பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மூச்சுவிடச் சொல்லிக் கொடுக்கிறார்களாம்! பிறந்த நாளிலிருந்து ஓசியில் மூச்சுவிட்டவர்கள், டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றார்கள்.

குருவின் பெயர் பிராணானந்தர். மூன்று வருஷத்துக்கு முன் இதே வட்டாரத்தில் வாட்டர் பில்டர் விற்றார். அப்போது வெறும் ஆனந்தன். பிராணன் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஷூ கம்பெனிக்காரர்கள் பஸ் வைத்து ஆட்களை அனுப்பியிருந்தார்கள். அங்கே டார்கெட் ஏறிக்கொண்டே போகிறது. பசை நெடியை வெளியே இழுக்கிற ஃபேன் மூன்று மாதமாக ஓடவில்லை. ஃபேனைச் சரிசெய்வதைவிடச் சாமியாரைப் பிடிப்பது சுலபம். சாமியாருக்கு மோட்டார் கிடையாது.

அந்தக் கம்பெனியில் பசை தடவும் கிறிஸ்டினாவுக்கு வீசிங். வாயில் அடிக்கிற பஃப் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். துணைக்குப் பக்கத்து வீட்டு மஹ்பூபி வந்திருந்தாள். தோல் ஷாப்பில், முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுகிற குழியில் இருபத்திரண்டு வருஷ வேலை. விரலெல்லாம் வெடிப்பு.

மேடையில் இரண்டு கேன், இரண்டு கண்ணாடி டம்ளர். இரண்டிலும் பளிங்குபோலத் தண்ணீர். குரு கிறிஸ்டினாவை மேலே கூப்பிட்டார்.

"இடது டம்ளர்ல குழல் வச்சு ஊதும்மா. உள்ள தேங்கின கவலை வெளிய வரும்."

கிறிஸ்டினா ஊதினாள். தண்ணீர் பாலாக வெளுத்தது. மண்டபமே வாய் பிளந்தது.

"இன்னாடா இது, இவ்ளோ ஜாஸ்தி கவலை!" என்றார் முன்வரிசையில் கோலி சோடாவோடு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் வேலு. பாதிக் கவலை அவர் கொடுத்தது.

நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று பத்துத் தடவை பயிற்சி. பிறகு வலது டம்ளரில் ஊதினாள். தண்ணீர் தெளிவாகவே நின்றது. கைதட்டல்!

"கவலை காலி! இனிமே மருந்து உனக்கு விலங்கு. கழட்டி இந்தக் குடத்துல போடும்மா."

குடத்தில் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் பஃப்பும் பாதிக்குக் கிடந்தன. கிறிஸ்டினாவின் கை பைக்குள் போனது. இரண்டு தடவை ஊதியதில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது. அது மஹ்பூபிக்கு மட்டும் கேட்டது.

மஹ்பூபி விறுவிறுவென மேடையேறினாள். இடது கேனைத் திறந்து விரலை விட்டாள். வெடிப்பில் சுரீர் என்றது. தேய்த்தாள், வழுவழுவென்றது. சிரித்துவிட்டாள்.

"அட, நம்ம குழித் தண்ணி!"

"இன்னாக்கா சொல்ற?"

"சுண்ணாம்பைக் கரைச்சு, தெளியவிட்டு, மேலாப்புல இறுத்திருக்காரு. காத்து பட்டாலே நம்ம குழி மேல வெள்ளையா ஆடை கட்டுதில்ல? மூச்சு பட்டா சும்மா இருக்குமா? வலது கேன்ல இருக்கிறது வெறும் தண்ணிடி."

"இது ஞான விஷயம். உனக்குப் புரியாதும்மா" என்றார் குரு.

"சரி சாமி. உங்களுக்குத்தான் கவலையே இல்லியே. இடது கேன்லருந்து ஊத்தித் தர்றேன், ஒரு ஊது ஊதுங்க."

இன்று மௌன விரதம் என்றார் குரு. மைக்கில்.

"அப்ப வேலண்ணா, அந்தச் சோடாவக் குடு."

இடது கேன் தண்ணீரை டம்ளரில் ஊற்றி மஹ்பூபி கொஞ்சம் சோடா விட்டதும் டம்ளர் பாலானது.

"ஐயோ பாவம், சோடாவுக்கு எவ்ளோ பேஜாரு! அதுக்கும் டார்கெட் போல!"

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தோல் ஷாப்பு ஆட்கள். தினம் அவர்கள் முழங்கால்வரை இறங்கி நிற்கிற தண்ணீர். அதையே கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேடையில் வைத்தால் தீர்த்தம்!

"ஆனா எண்ணி எண்ணி மூச்சு விட்டப்ப மனசு லேசாச்சேக்கா?" என்றாள் கிறிஸ்டினா.

"ஆவும்டி. நிதானமா மூச்சு விட்டா படபடப்பு அடங்கும். அத உன் வீட்லயே செய், டிக்கெட் வேணாம். வீசிங்குக்கு மொதல்ல பஃப்ப அடி."

அடித்தாள். விசில் மெல்ல அடங்கியது. ஜனங்கள் குடத்தை மொய்த்து அவரவர் மருந்தைத் தேடி எடுத்தார்கள். குரு பின்வாசல் வழியாக ஓடினார். நாலும் எண்ணவில்லை, ஆறும் எண்ணவில்லை. அவருக்கு நாய்போல இரைத்தது.

திங்கட்கிழமை வேலுவின் முன்னால் போய் நின்றாள் கிறிஸ்டினா.

"மூச்சுப் பயிற்சி முடிஞ்சிது சார். ஃபேன் எப்ப ஓடும்?"

மூச்சுவிடுவது எப்படி என்று யாரிடமாவது கேட்டாலும் கேட்டுத் தொலையுங்கள். யோசிப்பதை மட்டும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.