மடக்குத் துப்பாக்கியும் யாரும் கேட்காத கறியும்

"ஜூரா அக்கா, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதில்ல?"

"ஊசி கோக்குற அளவுக்குத் தெரியுது தம்பி. ஏன்?"

கெல்திபெக் பாலத்தின் நடுவில் நின்று, முதுகுப்பை அவள் கண்ணில் படும்படி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பைக்குள் ஒரு மலையாட்டின் கறி முழுதாக இருந்தது.

"பை நல்லாருக்கு," என்றாள் ஜூரா. ஆற்றில் பாதி அலசிய கம்பளத்தைச் சொட்டச் சொட்டச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வழியில் பார்த்த நான்காவது ஆள் இவள். ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனைப் பார்த்தால் "ஷிரல்கா!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அவன் பையை இறக்கி, ஒரு பங்கை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கலாம். கிர்கிஸ் நாட்டு நாரின் மலைகளில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. கேட்டால் மறுக்கக் கூடாது. கேட்காதவருக்குக் கொடுத்தாலோ கணக்கில் சேராது. ஒரு பங்குகூடப் போகாமல் வீட்டு வாசலைத் தாண்டினால் மலை கதவைச் சாத்திக்கொள்ளும் என்பார் கெல்திபெக்கின் அப்பா. சாத்தினால் பிறகு ஆயுளுக்கும் வெறுங்கைதான்.

வீட்டுக்கு இன்னும் ஒரே தெரு.

அப்பாவின் துப்பாக்கி ஆள் உயரம். குழல் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சுடும்போது தரையில் ஊன்ற அதில் மாட்டிய இரண்டு கவைக்கால்கள் மான்கொம்பு மாதிரி வானத்தைப் பார்க்கும். ஆற்றுக்கு அக்கரையிலேயே ஊர் கண்டுகொள்ளும். ரொட்டி சுடுகிறவர்கள் மாவுக்கையோடு ஓடி வருவார்கள். "ஷிரல்கா, ஷிரல்கா!" தெருவே கத்தும். அப்பா சிரித்துக்கொண்டே வெட்டுவார். வீட்டுக்கு வரும்போது தலையும் தோலும்தான் மிஞ்சியிருக்கும், முகத்தில் மட்டும் அரசன் களை.

கெல்திபெக்குக்கு உறைத்தது. குற்றம் துப்பாக்கியிலேதான்!

அவருடையது புதுசு, கட்டை மடங்கும். கீல் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தோளில் வைக்கும் கட்டை கதவு மாதிரித் திரும்பி, குழலின் பக்கவாட்டில் ஒட்டிப் படுத்துவிடும். நீளம் ஒரு முழம் குறையும். பையின் பக்கத்தில் வைத்து மேலே ஒரு வார், கீழே ஒரு வார் இறுக்கினால் பையோடு பையாகிவிடும். பாறையில் இடிக்காது, ஆடாது, சத்தம் போடாது.

கண்ணுக்கும் தெரியாது!

"அதானே பாத்தேன்," என்று பையை இறக்கினார். கட்டையை விரித்தார். கீல் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. செங்குத்தாக வைத்துக் கட்டினார். இப்போது குழல் தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. அப்பா மாதிரியே நிமிர்ந்து நடந்தார்.

தன் உயரம் இப்போது தன் தலையோடு முடியவில்லை என்பது வில்லோ மரத்தடியில்தான் புரிந்தது. குழல் கிளையில் மாட்டியது. கால் முன்னே போனது, பை பின்னே நின்றது. கெல்திபெக் வண்டு மாதிரி மல்லாந்தார்.

உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த தௌலத் ஓடி வந்து தூக்கினான். பையைத் தொட்ட அவன் உள்ளங்கை சிவந்திருந்தது.

"மச்சான், பை ஈரமா இருக்கே!"

"இருக்குமில்ல?" கெல்திபெக்கின் முகம் மலர்ந்தது. "என்னன்னு சொல்லு பாப்போம்?"

தௌலத் கையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"வேர்வை," என்று சொல்லிவிட்டுக் கிழங்குக்கே திரும்பினான்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கெல்திபெக் ஆட்டின் தலையை எடுத்துப் பையின் உச்சியில், கொம்பு வெளியே தெரியக் கட்டினார். எடை மேலே ஏறினால் பை பின்னுக்கு இழுக்கும். இழுப்பைச் சமாளிக்கக் குனிந்தார். குனிந்ததும் குழல் முன்னே சாய்ந்து, எதிரே வருகிறவர்களை நேராகப் பார்த்தது.

எதிரே வந்தவர்கள் சந்துக்குள் புகுந்துகொண்டார்கள். தெருக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நாய்கள் மட்டும் மனதாரக் கேட்டன. ஏழெட்டு கூடவே வந்து கேட்டன. நாய் கேட்டால் கணக்கில் சேருமா என்று அப்பா சொல்லாமலே போய்விட்டார்.

அவர் வீட்டுக்கு முந்தைய வாசல் சைகலின் கடை. அவள் கதவைச் சாத்துமுன் கெல்திபெக் நிலையில் காலை வைத்துவிட்டார்.

"சைகல், ஒரே ஒரு வார்த்தை கேளும்மா. பின்னந்தொடை தர்றேன்."

"எனக்குக் கறி வேண்டாண்ணே."

கிர்கிஸ் பெண் ஒருத்தி கறி வேண்டாம் என்று சொல்லி அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாய்களும் உட்கார்ந்தன.

"எங்கப்பாவப் பாத்தா ஊரே ஓடி வரும். என்னப் பாத்தா ஊரே ஓடுது. அப்படி என்னம்மா பாவம் பண்ணேன்? உன் வாசல்தான் கடைசி. இதோட மலை எனக்கு மூடிடும்."

ஐம்பது வயது மனிதர் மூக்கை உறிஞ்சுவதைச் சைகலால் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, நான் சொன்னேன்னு மதினிகிட்ட சொல்லிராதீங்க," என்று குரலைத் தணித்தாள். "இன்னிக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க, போன தடவ மாதிரி நீங்க வெறும் கொம்போட வந்து நின்னா மானம் போயிரும்னு, யாரும் உங்ககிட்ட ஷிரல்கா கேக்கக் கூடாதுன்னு மதினி ஊர்ல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. அதுக்கு ஈடா உங்க செம்மறி மூணையும் அறுத்து வீட்டுக்கு ரெண்டு கிலோ குடுத்துட்டாங்க. ஊர்ல ஒரு அடுப்பு விடாம உங்க வீட்டுக் கறிதான் வேகுது. இன்னும் என்னத்தண்ணே கேக்கச் சொல்றீங்க?"