லட்லோவில் மூவாயிரத்து அறுநூறு ஆடுகள்

கணினியில் ‘எண்ணிக்கை’ என்றிருந்த கட்டத்தில் இருநூறு என்று தட்டி, ஆர்டரை அனுப்பிவிட்டு, நெவில் ஹாட்ஃபீல்ட் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“முடிஞ்சது கிளெனிஸ். ரெண்டு வருஷத்துக்கு ஆடு தட்டுப்பாடே வராது.”

2020 நவம்பர். ஊரடங்கில் கடை மூடியிருந்தது. இங்கிலாந்தில் லட்லோ என்ற சிறிய ஊரில், பெரியவர்கள் விளையாடும் பொம்மை ரயில்களை விற்பவர் நெவில். ரயில்களைவிட அதிகமாக விற்றவை, தண்டவாளத்தின் ஓரம் மேயவிடும் விரல்நகம் அளவு ஆடுகள். ஜெர்மனியில் ஒரு கம்பெனியிடமிருந்து வரவழைப்பார். ஜனவரி பிறந்தால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்ஸிட் விதிகள் வந்துவிடும், எல்லையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் என்று பத்திரிகைகள் பயமுறுத்தின. மற்ற கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். நெவிலுக்கோ குஷி பிடித்துக்கொண்டது. சுவரில் வரைபடம் மாட்டி, துறைமுகங்களில் சிவப்பு ஊசி குத்தினார். ஏற்றுமதி இறக்குமதிக்காக அரசாங்கம் கொடுத்த சுங்க எண்ணைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தார். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவரை இவ்வளவு உற்சாகமாகக் கிளெனிஸ் பார்த்ததில்லை.

மாதக் கடைசியில் ஆடுகள் வந்தன. இருநூறு ஆடு அல்ல, இருநூறு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு. உடையாமலிருக்கப் பஞ்சு அடைத்து, ஒவ்வொரு பெட்டியும் செருப்புப் பெட்டி அளவு.

கிளெனிஸ் மாடிப்படியில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் தாண்டித் தாண்டி இறங்கி வந்தாள். “நிஜ ஆடு வாங்கியிருந்தா கம்பளியாவது மிஞ்சியிருக்கும்” என்றாள்.

நெவில் அசரவில்லை. எல்லை இன்னும் திறந்துதானே இருக்கிறது, நூறு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால் போயிற்று என்றார். அனுமதி கேட்டு ஜெர்மன் மொழியிலேயே கடிதம் எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று, கணினியைக் கொண்டே மொழிபெயர்த்து அனுப்பினார். அது ‘திருப்பி அனுப்ப’ என்பதைத் ‘திரும்பவும் அனுப்ப’ என்று மாற்றிவிட்டது. கம்பெனியிலிருந்து மகிழ்ச்சியான பதில் வந்தது. டிசம்பர் பதினைந்தாம் தேதி, இன்னும் நூறு பெட்டி வந்தது. எங்கள் சரக்கின் மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி என்று ஒரு வாழ்த்து அட்டையும் கூடவே வந்தது.

இப்போது கடையில் ரயில் வைக்க இடமில்லை. கிறிஸ்துமஸுக்கு ரயில் வாங்க வந்தவர்கள் ஆட்டுச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜனவரிக்குள் இதில் பாதியாவது வெளியே போகாவிட்டால் தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கிளெனிஸ் சொன்னாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நெவில் இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்து, பிரான்ஸில் லீல் நகரத்து ரயில் சங்கம் ஒன்றைப் பிடித்தார். கண்காட்சிக்கு ஒரு மலைச்சரிவு கட்டுகிறார்களாம். நூற்றைம்பது பெட்டி எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் அம்மாள் சொன்னதும், நெவில் சமையலறையில் கிளெனிஸைப் பிடித்து ஒரு சுற்று ஆடினார்.

பார்சலின் மேல் ‘ஆடுகள் 1800’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினார். மறுநாள் கூரியர் கிடங்கிலிருந்து போன் வந்தது. ஆடுகளைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் யார் என்று கேட்டார்கள். நெவில் பதறிப்போய், “ஐயையோ, அதுக்கெல்லாம் உயிரே கிடையாதுங்க” என்றார். கிடங்குக்காரர் கடமை தவறாதவர். பார்சலை இறைச்சிப் பிரிவுக்கு மாற்றி, குளிர்பதனச் சான்றிதழ் கேட்டார். அது பிளாஸ்டிக் என்று விளக்கி முடிப்பதற்குள் இருபதாம் தேதி ஆகிவிட்டது. அன்று இரவோடு கொரோனா பயத்தில் பிரான்ஸ் எல்லையை மூடியது. பார்சல் டோவர் துறைமுகம் வரை போய், லாரிகளின் நடுவே நின்று, வீட்டுக்கே திரும்பி வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஐரோப்பாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது, சுங்க வரி கிடையாது என்று செய்தி வந்தது. நெவில் கடையிலிருந்த எல்லா ரயில்களையும் ஒரே நேரத்தில் ஊத விட்டார்.

ஜனவரி நான்காம் தேதி காலையில் புதுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். பெயர், சுங்க எண், எடை எல்லாம் மளமளவென்று எழுதியவரின் பேனா ‘தயாரான நாடு’ என்ற கட்டத்தில் நின்றது. கீழே பொடி எழுத்தில் இருந்ததை மூன்று முறை படித்தார். வரிவிலக்கு இங்கே தயாரான சரக்குக்கு மட்டும்தான். ஜெர்மனியில் செய்தது இங்கே வந்து மறுபடி ஐரோப்பாவுக்குப் போனால் வரி உண்டு. வரி ஏதாவது கட்டச் சொன்னால் பார்சலை வாங்க மாட்டோம் என்று செயலாளர் அம்மாள் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்.

முதல் தடவையாக நெவிலின் முகம் தொங்கியது.

“இங்கிலாந்துன்னு எழுதிடேன்” என்றாள் கிளெனிஸ். “ஆடு என்ன, வாயைத் திறந்து சொல்லவா போகுது?”

“சுங்க எண் வாங்கினவன் நான். பொய் எழுத மாட்டேன்.”

வாசலில் கூரியர் வேன் வந்து நின்றது. நூற்றைம்பது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், தூக்கிக்கொண்டே திரும்பி வந்து, மூன்றாவது தடவையாகத் தூக்க வந்திருந்த ரோவீனா உள்ளே நுழைந்தாள். டோவரில் அடிபட்டு ஒரு பெட்டியின் ஓரம் கிழிந்திருந்தது. அவள் தூக்கியதும் அதிலிருந்து ஓர் ஆடு மேஜைமேல் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத்தனை நாள் இதையா சுமந்தேன்? என்ன படிவம் அது, ஏன் எழுதாம உக்காந்திருக்கீங்க?”

நெவில் அந்தக் கட்டத்தைக் காட்டினார்.

“இங்கிலாந்துன்னு எழுதுங்க.”

“நீயுமா? பொய் எழுத மாட்டேன்னு இப்பதான் இவகிட்ட சொன்னேன்.”

“பொய் எதுக்குங்க? இந்த மாறுகண்ணு எங்கம்மா வைக்கிறது. பக்கத்துத் தெருவுல, எங்க வீட்டு சமையலறையிலதான் இதை வார்த்து, பெயிண்ட் அடிச்சு ஜெர்மனிக்கு அனுப்பறாங்க. அங்க எவனோ ஒரு கிறுக்கன் இருநூறு பெட்டி கேட்டு, அது பத்தாதுன்னு இன்னும் நூறு கேட்டானாம், பாவம், ஒரு மாசம் அம்மா தூங்கவே இல்லை.”