மண் பிசையப் போன மச்சான்

அறுபது வயதில் அலியார் ஒரு முடிவெடுத்தார். இனி இந்தக் கை மாவைத் தொடாது. மண்ணைத்தான் தொடும்.

காரணம் இருந்தது. ஷார்ஜா கார்கோ ஆபீசில் காலமெல்லாம் ஆட்களை விரட்டி வேலை வாங்கியவர், தொண்டிக்குத் திரும்பியதும் மனைவி நஸீராவிடமே ஆளாகச் சேர்ந்துவிட்டார். நஸீரா வீட்டிலேயே பரோட்டா போட்டு விசேஷ வீடுகளுக்குக் கொடுப்பவள். "மச்சான், சும்மாதானே இருக்கீக?" என்று அவள் கேட்டால், பேசின் நிறைய மைதா வருகிறது என்று அர்த்தம்.

அப்போதுதான் ராமநாதபுரத்தில் லாமியா என்ற பெண் பீங்கான் கலை வகுப்பு நடத்துவது தெரிந்தது. அன்றே பஸ் ஏறிப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"நஸீரா, நான் இனிமே ஆர்ட்டிஸ்ட்."

"மாஷா அல்லாஹ். அப்ப மாவு?"

"கலைக்குக் கொடுத்த கை இது. மாவுல வச்சா மண்ணாப் போயிரும்."

"மண்ணாப் போறதுக்குத்தானே மச்சான் பஸ் ஏறுறீக?"

ஆனால் தடுக்கவில்லை. அலியாருக்கே கொஞ்சம் ஏமாற்றம். சண்டைக்கென்று நல்ல வசனங்களாகத் தயார் செய்து வைத்திருந்தார்.

முதல் படைப்பே பெரிதாக இருக்கட்டும் என்று ஒரு சஹன் செய்தார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் தட்டு. அது சூளைக்குள் போனது. சூளைக்குள்ளேயே வெடித்தது. போகிற போக்கில் யாரோ ஒரு அம்மாவின் பூச்சாடியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

"மண்ணைச் சரியாப் பிசையல மாமா. காத்து உள்ளயே நின்னுபோச்சு," என்றாள் லாமியா. "தினமும் பிசைஞ்சு பழகணும். தோள்லேருந்து பலம் வரணும்."

சில்லுகளைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நஸீரா ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த மண்ணு இங்கன கிடைக்காதே மச்சான். எதைப் பிசைஞ்சு பழகுவீக?"

அலியாரின் பார்வை மூலையிலிருந்த மாவுப் பேசின் மேல் விழுந்தது. நஸீரா சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"வேணாம். இது முரட்டு வேலை. ஆர்ட்டிஸ்டுக்கு ஆகாது."

"எனக்கு ஆகாதா? கொண்டா இங்க!"

"இன்னைக்குப் பிசைவீக. நாளைக்குத் தோள் வலிக்குதும்பீக. என் ஆர்டர் என்னாகுறது?"

"தினமும் பிசைவேன். ஒரு நாள் விட்டாலும் கை மறந்துரும், தெரியுமா ஒனக்கு?"

மனசே இல்லாதவள் போலப் பேசினை நகர்த்திக் கொடுத்தாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தார் அலியார்.

அதிலிருந்து விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்தால் மைதாதான். அடித்து, மடித்து, தோளிலிருந்து அமுக்கி. 'இவ மாவுலயே ஓசியில பயிற்சி எடுக்குறேன், இவளுக்கே தெரியல!' என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். பரோட்டா பஞ்சாக வந்தது. திருவாடானையிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தது. அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. கலைஞன்.

அடுத்த சஹன் வெடிக்கவில்லை. தொண்டிக் கடலின் நீலம் அப்படியே அதில் வந்து உட்கார்ந்திருந்தது. லாமியா சுண்டிப் பார்த்தாள். 'ணங்' என்றது.

"கை வந்துருச்சு மாமா!"

பஸ்ஸில் அதை மடியில் வைத்து, கண்டக்டருக்கும் காட்டி, ராஜா மாதிரி வந்து இறங்கினார்.

"பாத்தியா? கை பழகிருச்சு. நாளையிலேருந்து மாவு கிடையாது."

"அதெப்படி? மண்டபத்துல கல்யாண ஆர்டர் எடுத்துட்டேனே. ஒங்க கையை நம்பித்தான்."

"யாரைக் கேட்டு எடுத்த? பயிற்சி முடிஞ்சுது. இரு, டீச்சரையே கேப்போம்." போனை ஸ்பீக்கரில் போட்டார். "ஏம்மா லாமியா, இனிமே நான் பிசைஞ்சு பழக வேண்டியதில்லையே?"

"ஐயையோ, விட்டுறாதீங்க மாமா!" என்று அலறினாள் லாமியா. "மண்டபத்துல எங்க தங்கச்சி கல்யாணம். மாமிக்கிட்டதான் பரோட்டா சொல்லியிருக்கேன்!"

அலியார் போனைப் பார்த்தார். சஹனைப் பார்த்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அதை ஏன் பிசையுறீக மச்சான்?" பேசினை முன்னே தள்ளினாள் நஸீரா. "மாவு இங்கன இருக்கு."