கலியாண ஒப்பந்தம் எழுதப் போய் சாகக் கிடந்த கதை

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. லோயர் ஒஃபிசுக்குப் போய், கலியாணத்துக்கு முதல் எழுதிற ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வாறது.

ஐடியா என்ரை இல்லை. நான் கட்டப்போற தர்ஷியின்ரை. அவ தனிய உழைச்சு ஒரு கொண்டோ வீடு வாங்கி வைச்சிருக்கிறா. நாளைக்குப் பிரிஞ்சாலும் அது அவவுக்குத்தான் எண்டு எழுதவேணுமாம். ஆளுக்கொரு லோயரும் பாக்கவேணுமாம். எனக்கு ஓகே. பேஸ்மென்றிலை வாடகைக்கு இருக்கிறவனுக்கு இழக்க என்ன இருக்கு?

ஒரே கண்டிஷன், அவவின்ரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தாலி கட்ட முதலே பிரியிற கதையோ எண்டு மாமி கலியாணத்தையே நிப்பாட்டிப் போடுவாவாம்.

ரொறன்ரோவிலை லோயருக்கா பஞ்சம்? நான் தேடிப்பிடிச்சது ஸ்காபரோவிலை ஒரு தமிழ் லோயரை. தமிழிலை விளங்கப்படுத்துவார் எண்ட ஆசை. கதவைத் திறக்கிறன், உள்ளுக்கை மாமி இருக்கிறா! வீடு விக்கிற விஷயமா வந்தவவாம். எங்கடை சனத்திலை பாதிப்பேர் வீடு வாங்க விக்க உந்த லோயரிட்டைத்தான் வாறது எண்டது எனக்கு மட்டும்தான் தெரியாது.

"என்ன தம்பி இஞ்சை?"

லோயரிட்டை ஆக்கள் வேறை என்னத்துக்கு வருவினம் எண்டு அவசரமா யோசிச்சன்.

"மரண சாசனம் எழுத வந்தனான், மாமி."

மாமியின்ரை முகம் வெளிறிப்போச்சு. "இந்த வயசிலையோ? உடம்புக்கு என்ன வருத்தம் தம்பி?"

ஒரு வருத்தமும் இல்லை எண்டன். அதுதான் பெரிய பிழை. எங்கடை ஆக்களிலை உண்மையா வருத்தம் இருக்கிறவைதான் அப்பிடிச் சொல்லுவினம்.

நான் காரை எடுக்க முதல் தர்ஷியின்ரை கோல். "ஆர் யூ டையிங்?" எண்டு கேட்டா. இல்லை எண்டன். அப்ப அம்மா ஏன் அழுகிறா எண்டு கத்தினா.

அடுத்தது என்ரை அம்மா. வருத்தத்தை மறைச்சோ பொடியனுக்குப் பொம்பிளை பேசினீங்கள் எண்டு மாமி கேட்டவவாம். கலியாண ஹோலைக் கான்சல் பண்ண ஏலுமோ எண்டு மாமா விசாரிக்கிறாராம். எல்லாத்தையும் சொல்லி முடிச்சுப்போட்டு அம்மா குரலைத் தாழ்த்தினா. "எனக்கு மட்டும் சொல்லு மோனை, என்ன வருத்தம்?"

கலியாணம் கையை விட்டுப் போகுது. நேரை மார்க்கம் ரவுனுக்கு, மாமி வீட்டுக்கு விட்டன் காரை.

மாமி கதவைத் திறந்து என்னை உள்ளுக்கை இருத்தினா. வருத்தக்காரருக்குக் குடுக்கிற இலைக்கஞ்சியைச் சூடாக் கொண்டுவந்து வைச்சா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு, உண்மையாத்தான். இந்த மனுசியிட்டைப் போய் பொய் சொன்னனே எண்டு வெக்கமாவும் இருந்தது. அரைக் கோப்பை குடிச்சுப்போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டன்.

மாமி கண்ணைத் துடைச்சா. "அவ்வளவுதானே தம்பி? பிரியிறதெண்டால் பிரியுங்கோ. உயிரோடை இருந்தால் அதுவே காணும்."

சோஃபாவிலை இருந்த மாமா, எங்கடை காலத்திலை உது இருக்கேல்லையே எண்டு பெருமூச்சு விட்டார். மாமி ஒருக்காத் திரும்பிப் பாத்தா. மாமா ரீவியைப் போட்டுட்டார்.

ஒப்பந்தத்துக்கு ஓகே, கலியாணத்துக்கும் ஓகே. சந்தோஷமாச் சப்பாத்தைப் போடேக்கை மாமி வாசலுக்கு வந்தா.

"தம்பி, உந்த ஒப்பந்தத்தோடை ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டும் வைக்கவேணும். இப்பத்தான் லோயரோடை ஃபோனிலை கதைச்சனான்."

இதுவரைக்கும் ரெண்டு தரம் ரெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்திட்டன். ஒப்பந்தத்திலை இன்னும் ஒரு வரியும் எழுதேல்லை.