துரை விட்டுப்போன மோட்டாரும் வடிவாம்பாள் கேட்ட கையெழுத்தும்

கரமனை ஆற்றில் மோட்டார் படகு விடப்போவதாக அறிவித்த அன்றே நெல்லையப்பன் இன்னொன்றையும் அறிவித்தார். "இது யந்திர விஷயம். பொம்பளைங்க யாரும் இதில வாய் திறக்கப்படாது."

வீட்டில் இருந்த பொம்பளை ஒருத்திதான். அவர் மனைவி வடிவாம்பாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

சுதந்திரம் வந்து, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது ஏலத்தில் வந்த மோட்டார் அது. படகின் பின்பலகையில் மாட்டுவது. இருபது வயதுக் கிழம். ஆனாலும் வலியசாலை வீட்டுப் புறக்கடையில், தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் படபடவென்று ஓடத்தான் செய்தது. ஓடுகிறதை அப்படியே ஓடவிட்டால் ஆண்பிள்ளைக்கு என்ன பெருமை? கழற்றிச் சுத்தம் செய்தார். உச்சியில் இருந்த சக்கரத்தைத் தூக்கியபோது, அரைநிலா வடிவத்தில் நகத்தளவு இரும்புச் சில்லு ஒன்று பாயில் விழுந்தது. "தேய்ஞ்சு உதிர்ந்த கழிசடை" என்று சுண்டி எறிந்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டினார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. பெட்ரோல் ஆவி உள்ளே நெருங்கி நிற்கிற அந்த ஒரு கணத்தில் மின்பொறி விழவேண்டும். பிந்தினால் மோட்டார் இருமும், முந்தினால் உதைக்கும். இது திங்களன்று இருமியது, செவ்வாயன்று உதைத்தது, புதனன்று இரண்டும் செய்தது. பொறி விழும் நேரத்தைத் திருத்துகிற கைப்பிடியை அவர் இடமாகத் தள்ளினார், வலமாகத் தள்ளினார். பதினோராம் நாள், சனிக்கிழமை, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் உடைத்தார். அன்று சாயந்திரம் கயிறு கையைப் பிய்த்துக்கொண்டு போய் முருங்கைமரத்தில் தொங்கியது.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஓமனாவின் தலை எழும்பியது. காலேஜில் படிக்கிற பெண்.

"சாரே, இது என்ன, தினமும் கோயில் வெடி வழிபாடா? எங்க பசு பால் சுரக்கிறதில்லை, கேட்டோ!"

"துரை ஏமாத்திட்டான்! போற போக்கில வெடிமருந்து வச்சுட்டுப் போயிருக்கான்!" நெல்லையப்பன் கொதித்தார். கொதிக்காமல் என்ன செய்வார்? மறுநாள் ஞாயிறு. திருவல்லம்வரை படகில் போகலாமென்று ஆபீஸ் சூப்பிரண்டைக் குடும்பத்தோடு அழைத்தாயிற்று.

அந்த வேளை பார்த்து வடிவாம்பாள் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். இன்டர்மீடியட்டில் பௌதிகத்தில் முதல் வகுப்பு வாங்கினவள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த முதல் வகுப்பை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். தாலி ஏறினபிறகு சர்டிபிகேட் அரிசிப் பானைக்கு மூடியாகக்கூட உதவவில்லை.

"ஏங்க, காலேஜ் பாரம். நீங்க கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை கடைசி நாள்."

"பி.எஸ்ஸி. படிச்சு என்ன, ரசத்தை ஆராயப் போறியா?"

"ஆராய்ஞ்சா என்ன? இப்ப ஆராயாமத்தானே குடிக்கீங்க."

"வாய் திறக்கப்படாதுன்னு சொன்னேன்ல்லா?"

"மோட்டாரைப் பத்தித்தானே சொன்னீங்க. நான் பாரத்தைப் பத்திப் பேசுதேன்."

மதில்மேல் ஓமனா களுக்கென்று சிரித்தாள். நெல்லையப்பனுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"பௌதிகம் படிச்சவல்லா! இதை ஓட வை, பார்ப்போம். ஓடிச்சுன்னா கையெழுத்துப் போடுதேன்."

"முதல்ல கையெழுத்து."

"என் பேச்சில நம்பிக்கை இல்லையோ?"

"மேல படிக்க வைக்கேன்னு எங்கப்பாகிட்டயும் இதே பேச்சுத்தான் பேசினீங்க."

இவளாவது ஓட்டுவதாவது! "ஓடல்லேன்னா கிழிச்சுப் போட்டிருவேன்" என்று கிரீஸ் கையோடு கிறுக்கினார். வடிவாம்பாள் பாரத்தை வாங்கி மதில்மேல் நீட்டினாள். ஓமனா பிடித்துக்கொண்டாள்.

பிறகு வடிவாம்பாள் அடுக்களைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவோடு வந்தாள். திருகுச்சாவி எடுத்தாள். சக்கரத்தைத் தூக்கினாள். டப்பாவிலிருந்து அந்த அரைநிலாச் சில்லை எடுத்து, தண்டில் இருந்த பள்ளத்தில் வைத்து, சக்கரத்தின் பள்ளத்தை அதற்கு நேரே இறக்கி முடுக்கினாள். கயிற்றை இழுத்தாள். மோட்டார் படபடவென்று ஓடி, பீப்பாய்த் தண்ணீரை நெல்லையப்பன் முகத்தில் வாரி இறைத்தது.

"இதுதான் சக்கரத்தை ஒரே இடத்தில பிடிச்சு நிறுத்துது. இல்லேன்னா சக்கரம் வழுக்கும். பொறியும் தினம் ஒரு நேரத்தில விழும்."

"அது… எங்கே கிடந்தது?"

"பாய்க்குப் பக்கத்தில. பெருக்கும்போது எடுத்தேன்."

"எப்போ?"

"நீங்க சுண்டி எறிஞ்ச அன்னைக்கே."

"பதினோரு நாளா? என் கையைப் பாரு, தோல் உரிஞ்சு கிடக்கு! ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"யந்திர விஷயமாச்சே. சொல்லலாமா?"

அநியாயம்! கட்டின புருஷனுக்கு இப்படியும் ஒருத்தி செய்வாளா! ராத்திரி முழுக்கப் புரண்டார். விடிந்ததும் மதிலருகே போய், "ஓமனா, அந்தப் பாரத்தில ஒரு சின்னத் திருத்தம், இங்க கொடு" என்று கேட்டுப் பார்த்தார். "சேச்சி கேட்டாத் தரலாம் சாரே" என்றாள் அவள்.

பத்து மணிக்குக் கரமனைப் படித்துறை. சூப்பிரண்டு குடும்பத்தோடு படகில் ஏறி உட்கார்ந்தார். நெல்லையப்பன் மிடுக்காகக் கயிற்றை இழுத்தார். மோட்டார் இருமியது. மறுபடி இழுத்தார். உதைத்தது. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். அணியத்தில், படகின் முன்நுனியில், வடிவாம்பாள் ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள். மடியில் பெருங்காய டப்பா.

"ஓமனாகிட்ட ஏதோ திருத்தம் கேட்டீங்களாமே" என்றாள், மெதுவாக.

"ஒரு திருத்தமும் வேண்டாம்" என்றார் அவர், அதைவிட மெதுவாக. "நாளைக்கு நானே கொண்டு கொடுக்கேன்."

"ஓமனாவே கொடுப்பா. திரும்பி வரதுக்கும் மோட்டார் வேணும்லா, ஞாபகம் வச்சுக்கிடுங்க."

டப்பா திறந்தது. வாசனை படகு முழுக்கப் பரவியது. சூப்பிரண்டு மூக்கைச் சுளித்தார்.

"என்ன நெல்லையப்பன், மோட்டாருக்குக்கூடப் பெருங்காயம் போடுவீரா?"

"எங்க வீட்டில இவ போடாம எதுவும் ஓடாது, சார்."